ஆறாம் நம்பர் ரவை

“நீங்க எந்த சோக் போடுவீங்க, நாஜ்?” என்று ராய் கேட்டபோது நஜ்முதீனின் வாயில் பாதி சமோசா இருந்தது.

பார்சிப்பனியில் அவர் வேலை பார்க்கும் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியின் காண்டீன். எதிரே உட்கார்ந்திருந்த ராய்தான் அவருக்கு டைரக்டர். கட்டம் போட்ட தடித்த சட்டை, பாதி நரைத்த தாடி, வாசலில் லாரி மாதிரி ஒரு பிக்கப் வண்டி. துப்பாக்கியோடு பிறந்தவர் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

வினையை இழுத்துவிட்டது நஜ்முதீனின் வாய்தான். நவம்பர் கடைசி, வீட்டுக்கு வீடு டர்க்கி என்கிற வான்கோழி சமைக்கும் தேங்க்ஸ்கிவிங் வாரம். யார் வீட்டில் எவ்வளவு பெரிய டர்க்கி என்று மேஜையில் பேச்சு ஓடியது. எல்லாரும் பெருமையடித்துக்கொள்ளும்போது தான் மட்டும் சும்மா இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

“கடையில வாங்குற பறவையில என்ன இருக்கு? எங்க குடும்பத்துல வேட்டையாடித்தான் சாப்பிடுவோம்” என்று எடுத்துவிட்டார்.

இளையான்குடியில் அவருடைய மாமா ஒருமுறை இரவல் துப்பாக்கியால் ஒரு கௌதாரியைச் சுட்டார். கௌதாரி பறந்துபோயிற்று. அந்தக் குடும்பத்தின் வேட்டைச் சரித்திரம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ராய் சோக் கேள்வியைக் கேட்டார். நஜ்முதீனுக்குத் தெரிந்த ஒரே சோக், மதுரையில் படித்தபோது ஓட்டிய ஸ்கூட்டரில் இருந்தது.

“ஃபுல்தான். குளிர் காலத்துல ஃபுல் இல்லாம நகராது” என்றார்.

ராய் தாடியைத் தடவினார். “குளிர்ல ஃபுல்... ம். தோட்டா எத்தனாம் நம்பர்?”

“ஆறு.” ஏன் ஆறு என்று நஜ்முதீனுக்கே தெரியாது.

ராய் அவரை மேலும் கீழும் பார்த்தார். கரைத்துக் குடித்தவர் புதியவனை எடைபோடும் பார்வை அது என்று நஜ்முதீனுக்குத் தோன்றியது. பிறகு ராய் சொன்னார்: “ஏப்ரல் கடைசியில சீசன் தொடங்குது. நாம ரெண்டு பேரும் போறோம்.”

அன்று வீட்டில் மனைவி ரஹ்மத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

“எனக்கு டர்க்கி தோட்டா பத்திப் படிக்கணும் ரஹ்மத். உள்ள ரவை இருக்குமாம். அதுல ஆறாம் நம்பர்...”

“ரவையா? உப்புமாவுக்கா?”

“துப்பாக்கி ரவைம்மா!”

ரஹ்மத் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். “என்னங்க, உங்க பேரு நஜ்முதீன். தாடி வேற வச்சிருக்கீங்க. இந்த ஊர்ல, இந்தக் காலத்துல, போலீஸ் ஸ்டேஷன்ல போயி எனக்குத் துப்பாக்கி வேணும்னு நிக்கப் போறீங்களா?”

“கிரீன் கார்டு இருக்கு. முறைப்படி அப்ளை பண்ணா தருவாங்க. மானம் போற விஷயம்.”

அடுத்த வாரம் போய் நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி பெயரைப் படித்தார், தாடியைப் பார்த்தார், மறுபடி பெயரைப் படித்தார்.

“துப்பாக்கி எதுக்கு?”

“டர்க்கிக்கு” என்றார் நஜ்முதீன்.

அதிகாரியின் பேனா நின்றது. “அந்த நாட்டுல உங்களுக்கு யாரு இருக்காங்க?”

“ஐயோ, நாடு இல்ல சார். கோழி! பெரிய கோழி!” என்று அவர் கைகளை இறக்கை மாதிரி அடித்துக் காட்டிய பிறகுதான் பேனா மறுபடி நகர்ந்தது. இருந்தாலும் துப்பாக்கி வாங்குவதற்கான அனுமதி அட்டை கைக்கு வர பிப்ரவரி ஆகிவிட்டது. நடுவில் வேட்டை லைசென்ஸுக்கான வகுப்பையும் முடித்தார். அங்கே அவரைத் தவிர எல்லாரும் பல்லில் கம்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள்.

வகுப்பில்தான் சோக் என்பது குழலின் முனையில் திருகும் சின்ன உலோகக் குழாய் என்று தெரிந்தது. தோட்டாவிலிருந்து பாயும் ரவைகள் எவ்வளவு விரியவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. இறுக்கமான சோக் என்றால் ரவைகள் கூட்டமாகப் போகும். ரவையின் நம்பர் கூடக்கூட ரவை பொடிசாகும். எந்தத் துப்பாக்கிக்கு எந்த சோக்கும் எந்த ரவையும் ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

இதற்குள் ஆபீஸ் லிஃப்டில் ராய் காதோடு சொன்னார்: “நான் எக்ஸ்ட்ரா ஃபுல் போடறேன். நாலாம் நம்பர் ரவை.”

நஜ்முதீனுக்கு வியர்த்தது. ஃபுல்லுக்கும் மேலே ஒன்று! பொடி ரவையைச் சொன்ன தன்னை அந்த மனிதர் எவ்வளவு கேவலமாக நினைத்திருப்பார்!

நேரே கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினார். அதோடு கூடவே வந்த ஃபுல் சோக்கை உறையிலேயே விட்டுவிட்டு, தனியாக ஒரு எக்ஸ்ட்ரா ஃபுல்லும் நாலாம் நம்பர் தோட்டாவும் வாங்கினார். கடைக்காரர் ஆறாம் நம்பரில் ஒரு பெட்டியைத் தள்ளுபடியில் நீட்டினார். அதையும் வேண்டாவெறுப்பாக எடுத்துக்கொண்டார்.

சுடும் மைதானத்தில் டர்க்கித் தலை வரைந்த காகிதத்தைத் தொலைவில் நிறுத்திவைத்துச் சுட்டார். போய்ப் பார்த்தால், தலையைத் தவிர காகிதம் முழுக்க ஓட்டை. டர்க்கியைச் சுற்றிக் கோலம் போட்டது போல இருந்தது.

சோக்கின் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ராயின் சோக் ஆயிற்றே! தோட்டாவில் வெடிமருந்து போதவில்லை என்று முடிவுகட்டி, இன்னும் வீரியமான தோட்டா வாங்கினார். அது டர்க்கியை விட்டுவிட்டு அவருடைய தோளைப் பதம் பார்த்தது. மறுநாள் மீட்டிங்கில் காபியை இடது கையால் குடித்தார்.

“தோளுக்கு என்னாச்சு?” என்றார் ராய்.

“பிராக்டிஸ்.”

ராயின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. இதற்கே இப்படியா என்ற ஏளனம்தான் அது என்று நஜ்முதீன் கூனிக் குறுகிப்போனார்.

அடுத்து அந்த எக்ஸ்ட்ரா ஃபுல் குழலிலேயே இறுகிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் விட்டார். திருகு அசையவில்லை, எண்ணெய் கார்ப்பெட்டில் வழிந்தது. ஹேர் டிரையரால் சூடுகாட்டினார். புகைமணி அலறியது. மகள் மலீஹா மாடியிலிருந்து, “டாட், வாட் ஆர் யூ குக்கிங்?” என்று கத்தினாள். கடைசியில் கடைக்காரரே கழற்றித் தந்தார். திருகு கெட்டுவிட்டதால் அதை மறுபடி மாட்ட முடியாது என்றும் சொன்னார்.

கையில் மிச்சமிருந்தது துப்பாக்கியோடு வந்த ஃபுல்லும், தள்ளுபடி ஆறாம் நம்பரும். சீசன் தொடங்க இரண்டே நாள். வேறு வழியில்லாமல் அதையே போட்டுச் சுட்டார்.

அன்று மாலை காகிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். ரஹ்மத் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

“இது மட்டும் தலை பூரா மாவுச் சல்லடை மாதிரி இருக்கே. எதால சுட்டீங்க?”

“ஃபுல். ஆறாம் நம்பர்.”

“அப்ப இதையே எடுத்துட்டுப் போங்க.”

“ராய் நாலாம் நம்பர் போடறவர். அவர் முன்னாடி ஆறை எடுத்தா சிரிப்பார் ரஹ்மத்.”

“சாகப்போறது டர்க்கி. அது சிரிக்காது. எடுத்துட்டுப் போங்க.”

காண்டீனில் வாய்க்கு வந்தபடி உளறியதே சரியான விடை என்பது நஜ்முதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன இருந்தாலும் வேட்டைக்காரக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டார்.

ஸஸெக்ஸ் பக்கத்துக் காட்டில் விடியும்போது இருவரும் ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ராய் இலைதழை அச்சடித்த உடையில் காட்டோடு காடாக இருந்தார். பெட்டையின் குரலில் கூப்பிடும் மரப்பெட்டியை நஜ்முதீனிடம் நீட்டி, “நீங்கதான் கூப்பிடணும். விருந்தாளி” என்றார்.

பரீட்சை! நஜ்முதீன் மூடியை உரசினார். பழைய டவுன் பஸ்ஸின் கதவு திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் பள்ளத்திலிருந்து ஒரு டர்க்கிச் சேவல் பதிலுக்குக் கொக்கரித்தது. மறுபடி உரசினார். கொக்கரிப்பு நெருங்கியது. புதருக்குப் பின்னாலிருந்து, நீலமும் சிவப்புமாகத் தலை, விரித்த வால், மார்பில் தொங்கும் தாடி என்று அது வெளியே வந்தது.

ராய் சுட்டார். சேவலுக்குப் பக்கத்தில் மண் தெறித்தது. சேவல் தலையைத் தூக்கிப் பார்த்தது.

“பிஸ்மில்லாஹ்” என்று நஜ்முதீன் விசையை இழுத்தார்.

சேவல் இருந்த இடத்திலேயே சாய்ந்தது. துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, இடுப்புக் கத்தியோடு ஓடி, துடிப்பு அடங்குமுன் முறைப்படி அறுத்தார். திரும்பினால் ராய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“நாஜ், இப்படி ஒரு சூட்டை நான் பார்த்ததே இல்ல” என்றார்.

வாழ்நாளில் நஜ்முதீன் வாங்கிய பட்டங்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயின. ராய் தவறவிட்டதுகூடப் பெரிய மனசு என்றே அவருக்குப் பட்டது. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கிறார்!

மதியம் ராயின் வீட்டில் விருந்து. ரஹ்மத் அந்தச் சமையலறையைத் தன் கைக்குள் கொண்டுவந்து டர்க்கி பிரியாணி செய்திருந்தார். “எங்க வீட்டுக்காரர் ஒரே சூட்டுல அடிச்சது” என்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லித்தான் பரிமாறினார். நஜ்முதீன் வேண்டாம் என்பது போலக் கையை அசைத்தார். முகம் என்னவோ இன்னும் சொல் என்றது. ராய் இரண்டாவது தட்டையும் காலி செய்துவிட்டு, துப்பாக்கியைத் துடைக்கக் கராஜுக்குப் போனார்.

பாராட்டு நிறைந்த வயிற்றோடு நஜ்முதீனுக்கும் தாராள குணம் வந்தது. ராயின் மனைவி கேரனிடம் குனிந்து சொன்னார்: “எல்லாப் புகழும் ராய்க்குத்தாங்க. இத்தனை வருஷம் காட்டுல அலைஞ்ச மனுஷர் பக்கத்துல இருந்ததாலதான் எனக்குத் தைரியமே வந்துச்சு.”

கேரன் கராஜ் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவரா? அவருக்குத் தெரிஞ்ச வேட்டையெல்லாம் டிவியில பார்த்ததுதான். தேங்க்ஸ்கிவிங் வாரம் நீங்க பெரிய வேட்டைக் குடும்பம்னு கேட்டுட்டு வந்து, ‘கேரன், துப்பாக்கி எங்க விப்பாங்க?’ன்னு கேட்ட மனுஷன் அவர்!”