மூன்றே முக்காலுக்கு மறைந்த சூரியன்

ஹடர்ஸ்பீல்டு,
அக்டோபர் 9

அன்புள்ள மேவிஸ் அக்காவுக்குத் தம்பி கிளிஃபோர்டு எழுதுவது. இங்கே நானும் சீஸும் நலம். ஸ்கார்பரோவில் நீயும் அத்தானும் பூனைகளும் நலமாக இருக்க வேண்டும்.

வேலைத் தகராறு மன்றத்தில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தாய். என் சீஸ் கடையில் விற்பனைக்கு நின்ற யூலலி, போன வருஷம் ஜூனில் சேரும்போதே, "எங்க சபையில வெள்ளிக்கிழமை சூரியன் மறைஞ்சா ஓய்வு நாள், மிஸ்டர் ஆக்ராய்டு. சனி சாயங்காலம் வரைக்கும் வேலையைத் தொட மாட்டேன்" என்றாள். சனிக்கிழமை கடையைப் பார்க்க என் மகள் இருக்கிறாள். ஜூனில் சூரியன் மறைய ராத்திரி ஒன்பதரை. ஐந்து மணிக்குக் கடை மூடுகிறவனுக்கு என்ன போச்சு என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். நவம்பர் வெள்ளிகளில் நாலு, நாலேகாலுக்கு அவள் கிளம்பியதை முணுமுணுத்தபடி பொறுத்தேன். டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளி, வரிசை மீன்கடை வரைக்கும் நிற்கிறது, மூன்றே முக்காலுக்கு அவள் ஏப்ரனை அவிழ்க்கிறாள்! "எங்கேம்மா கிளம்பிட்டே, இவ்வளவு கூட்டத்துல?" "சூரியன் போயாச்சு, நானும் போறேன்." ஏற்கெனவே முழங்கால் தேய்மானம் என்று முக்காலி கேட்டு மூன்று மாதமாக நச்சரிப்பு, என் கடையில் யாரும் உட்கார்ந்து விற்றதில்லை என்று மறுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கோபமும் சேர்ந்து, "இனிமே வராதே" என்றேன். அவள் மதத்துக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று இரண்டு வழக்குப் போட்டாள்.

மன்றம் நான் நினைத்தபடி இல்லை அக்கா. கூண்டு இல்லை, நீதிபதி அம்மாள் தலையில் பொய்முடிகூட இல்லை. சண்டைச் சேவல்களைப் போல எங்களைத் தனித்தனி அறையில் அடைத்துவைத்துக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தே சாட்சி சொல்லலாமாம். "நான் நின்னு பழகினவன்" என்று நின்றேன்.

"கையெழுத்துப் போடும்போது, டிசம்பர்ல சூரியன் எப்ப மறையும்னு யோசிக்கவே இல்லையா?" என்றார் நீதிபதி.

"அறுபத்தோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன் மேடம், டிசம்பர்ல சூரியனைப் பார்த்ததே இல்ல."

முதலில் சிரித்தது யூலலிதான். ஒரு மணி நேரத்தில் என் இடது முழங்கால் மடங்க, நாற்காலியில் பொத்தென்று விழுந்து மிச்சத்தைச் சொன்னேன். நீதிபதி கேட்டார்: "உட்கார்ந்து சொன்னதுல ஏதாவது குறைஞ்சுபோச்சா, மிஸ்டர் ஆக்ராய்டு?"

இரண்டிலும் தோற்றேன். மேல்முறையீடு செய்யப்போகிறேன். நான் இருக்கும்வரை கடைக்குள் முக்காலி நுழையாது. அத்தானின் இருமல் குணமாகட்டும். ஆண்டவர் உங்கள் வீட்டை ஈரமில்லாமல் காக்கட்டும்.

உன் தம்பி,
கிளிஃபோர்டு

பி.கு.: தபால் பெட்டிக்குப் போகும் வழியில் நான்கு வாடிக்கையாளர்கள் நிறுத்தி, "யூலலி எப்ப வருவா?" என்றார்கள். "கிளிஃபோர்டு எப்படி இருக்கே?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"திரும்ப வாம்மா."

"முக்காலி?"

"வாங்கிடறேன்."

"வெள்ளிக்கிழமை?"

"சூரியனோடவே போ."

திங்கட்கிழமை வந்துவிட்டாள். முக்காலி ஆடுகிறதா என்று பார்க்க நான் சற்று உட்கார்ந்தேன். பதினொரு பேருக்கு விற்றுவிட்டேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. "எந்திரிக்கிறீங்களா, மூணாவது கேஸ் போடட்டுமா?" என்கிறாள். இன்னொரு முக்காலிக்குச் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் வெள்ளிக்கிழமைகளில் மூன்றே முக்காலுக்கு மேல் கடைக்கு ஆள் வேண்டும். வருகிறாயா அக்கா? உட்கார இடம் இருக்கிறது.