சிம்ம ராசிக் கணினி

பசறையில் கணினியானந்தாவின் கடை எங்கே என்று யாரும் வழி கேட்டதில்லை. பஸ் நிலையத்தில் இறங்கியதுமே ஒரு வரிசை கண்ணில் படும். அதன் கடைசியில் போய் நின்றுகொண்டால் போதும். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருவார்கள். பதுளையிலிருந்து வருவார்கள். மொனராகலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவுகளில் சுற்றிச் சுற்றி வாந்தி எடுத்துக்கொண்டும் வருவார்கள். ஆஸ்பத்திரிக்குக்கூட இவ்வளவு அக்கறையாகப் போகமாட்டார்கள்.

கடையின் நெற்றியில் பலகை இருந்தது: "ஸ்ரீ நவக்கிரகக் கணினி நிலையம். ராசிக்கேற்ற கணினி தரப்படும். 4கே, 8கே வீடியோ எடிட்டிங் தோஷங்கள் நீக்கப்படும்."

சிரிக்காதீர்கள். இப்போது தோட்டத்துக்கு ஐந்து வீடியோக்காரர்கள் இருக்கிறார்கள். கல்யாணம், சடங்கு, தேர் எல்லாம் 4கேயில்தான் வேண்டும் என்று சனங்கள் கேட்கிறார்கள். கெமரா புதிது. வீட்டுக் கணினியோ பிள்ளை ஒன்லைனில் பாடம் படிக்க வாங்கியது. அதில் 4கே வீடியோவைப் போட்டால் படம் நகராது, விசிறி மட்டும் கத்தும். எடிட் செய்ததை ஒரே வீடியோவாக்கும் ரெண்டர் எழுபத்திரண்டு வீதத்தில் நின்றுவிடும். ஏன் நின்றது என்று கேட்டால் கணினியானந்தா உடனே சொல்வார்: "ஏழும் ரெண்டும் எத்தன? ஒம்பது. ஒம்பது கிரகமும் சேந்து மறிக்குது." கணக்குச் சரியாக இருப்பதால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று சனங்கள் தலையாட்டுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் இவர் சந்தையில் போன் உறை விற்றவர். அப்போது ஒன்பது கிரகமும் இவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று வரிசையில் நாற்பத்தோராவது ஆளாக நின்றான் கஜேந்திரன். உண்மையில் அவன் அங்கே நிற்க வேண்டியவனே இல்லை. பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்யும் றிஸ்னியைப் பார்த்து, நல்ல கணினி ஒன்றை விசாரித்து வரும்படி மனைவி விதுஷா அனுப்பியிருந்தாள். பஸ் பசறையில் நின்றது. வரிசை தெரிந்தது. இறங்கிவிட்டான்.

கணவன் படம் எடுப்பான், மனைவி தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபடி எடிட் செய்வாள். அதுதான் அவர்களுடைய தொழில். விதுஷா கட்டுநாயக்கவில் ஆறு வருடம் காமண்ட் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, போன் திரையில் பிள்ளை முதல் அடி வைத்ததைப் பார்த்தவள். அழுதுகொண்டே வேலையை விட்டு வந்தாள். இந்தத் தொழில் ஓடினால் வீட்டில் இருப்பாள், படுத்தால் மறுபடியும் விடுதிக் கட்டில்தான். முதன்முதலாக ஒரு 4கே கல்யாணம் கிடைத்திருந்தது. மாப்பிள்ளை இருபது நாளில் டோஹாவுக்குப் பறக்கிறான். அதற்குள் வீடியோவைக் கொடுக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் இனி ஒருவரும் இவர்களைக் கூப்பிடமாட்டார்கள். கணினி வாங்க இருந்ததோ விதுஷா காமண்டில் சேர்த்த சேவைக்காலப் பணம் மட்டும்தான்.

வரிசையில் கஜேந்திரனுக்கு முன்னால் நின்றவர் இராயப்பன். மாதா கோயில் திருநாள் பூசைகளைப் படம்பிடித்து இணையத்தில் போடுகிறவர். ஏற்கெனவே இங்கே ஒரு கணினி வாங்கியவர்.

"எப்படிங்கண்ணே ஓடுது?" என்று கேட்டான் கஜேந்திரன்.

"இன்னும் ஓடல தம்பி. நாப்பத்தெட்டு நாள் விரதம் இருக்கணும்ல. மீனு, முட்ட, எறச்சி எதுவும் தொடக்கூடாது. நத்தாருக்குக்கூட நான் கேக்கு திங்கல, முட்ட போட்டதுன்னு."

"பொறவு?"

"பக்கத்து வீட்டுல கருவாடு பொரிச்சிருக்காங்க. வாசம் வந்திருச்சாம். முதல்லருந்து தொடங்கணும்னு சாமி சொல்லிட்டாரு." சொல்லும்போது இராயப்பனுக்குக் கோபம் சாமியின் மேல் இல்லை, பக்கத்து வீட்டின் மேல்தான்.

கடை வாசலில் உதவியாள் ஒருவன் துண்டுச் சீட்டு நீட்டினான். பெயர் வேண்டாம், ஜாதகம் வேண்டாம், பற்றுச்சீட்டுக்காக அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் எழுதினால் போதும். சீட்டு வெற்றிலைத் தட்டில் ஏறித் திரைக்குப் பின்னால் போகும். கொஞ்ச நேரம் மணி அடிக்கும். பிறகு திரை விலகும். உள்ளே கணினியானந்தா கண்ணை மஞ்சள் பட்டுத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கஜேந்திரன் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் குரல் வந்தது.

"வா மகனே. தொண்ணூத்தி நாலாம் வருஷம், ஆகஸ்ட் மாசம் பதினாலாந் திகதி பொறந்தவனே, வா."

கஜேந்திரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணைக் கட்டியிருக்கிறார், ஆண்பிள்ளை என்று தெரிகிறது, பிறந்த நாள் தெரிகிறது! இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்து காட்ட வேண்டும்?

"ஒனக்குச் சிம்ம ராசி. சூரியன் அதிபதி. செவப்பு வெளிச்சம் எரியிற பெட்டிதான் ஒனக்கு ஓடும். நீலம் தொட்டா எரிஞ்சிரும். உள்ள சூரிய யந்திரம் வச்சுத் தாரேன். 4கே என்ன, பதினாறு கே போட்டாலும் பறக்கும்."

எந்தக் கெமரா என்று கேட்கவில்லை. எதில் எடிட் செய்கிறாய் என்று கேட்கவில்லை. கஜேந்திரனுக்கும் அது குறையாகத் தெரியவில்லை. பாதிப் பணத்தைக் கட்டி, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, நடந்து போனானா மிதந்து போனானா என்று தெரியாமல் பஸ் ஏறினான்.

"றிஸ்னியப் பாத்தீங்களா?" என்றாள் விதுஷா.

"அதவிடப் பெரிய ஆளப் பாத்துட்டு வாறேன்."

அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அதற்குள், கொழுந்து பறித்துவிட்டு வந்து இடுப்பில் சுற்றிய படங்கைக் கழற்றிக்கொண்டிருந்த அவன் அம்மா இராக்கம்மா குறுக்கே புகுந்தாள்.

"ஆகஸ்ட்டா? எவன்டா சொன்னது? நீ பங்குனித் தேரு அன்னைக்குப் பொறந்தவன். தேரு நம்ம லயத்துக்கிட்ட வாறப்பதான் எனக்கு வலி எடுத்துச்சு."

"சேட்டிபிக்கேட்டுல ஆகஸ்டுன்னுதானேம்மா இருக்கு?"

"அது ஒங்கப்பா சொன்ன கணக்கு. பதியப் போறதுன்னா ஒரு நாள் பெரட்டுல பேரு குடுக்காம வேலைய விடணும், அன்னைக்குச் சம்பளம் போயிரும். இன்னைக்கு நாளைக்குன்னு நாலு மாசத்த ஓட்டிட்டாரு. லேட்டுன்னு அலைய விடுவாங்கன்னு பயந்து, போன வாரந்தான் புள்ள பொறந்துச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டாரு."

விதுஷா சிரித்தாள். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"மாமா சொன்ன பொய்ய ஒங்க சாமி எந்தக் கிரகத்துல படிச்சாருங்க?"

 அவளே எழுந்து போய்ச் சுவர்க் கலண்டரைக் கழற்றி எடுத்து வந்தாள். "ஒங்க கார்டு நம்பர் எப்படித் தொடங்குது? 94227. காமண்ட் ஆபிஸ்ல இருந்த அக்கா நம்பரப் பாத்தே எல்லாருக்கும் பொறந்த நாள் வாழ்த்துச் சொல்லுவாங்க. முதல் ரெண்டு எலக்கம் வருஷம். அடுத்த மூணு, வருஷத்துல எத்தனாவது நாள்ங்கிறது. பெப்ரவரிக்கு இருபத்தொம்பது நாள் போட்டு எண்ணுங்க."

எண்ணினான். இருநூற்று இருபத்தேழாவது நாள் ஆகஸ்ட் பதினான்கில் போய் விழுந்தது.

"ஆம்பளன்னு எப்படித் தெரிஞ்சிச்சு?"

"பொம்பளைக்கு அந்த நம்பரோட ஐநூறு கூட்டியிருப்பாங்க. எனக்குப் பாருங்க."

மனிதனுக்கு ஏமாந்தது தெரிந்த பிறகும், அதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் தேவைப்படுகிறது. கஜேந்திரன் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டான். "சரி, அது பித்தலாட்டமாவே இருக்கட்டும். கம்பியூட்டர் நல்லதா இருக்கலாம்ல?"

விதுஷா றிஸ்னிக்குப் போன் போட்டு, கஜேந்திரனுக்கும் கேட்கும்படி வைத்தாள். றிஸ்னி ராசியைக் கேட்கவில்லை.

"எந்தக் கெமரா? எந்த சொஃப்ட்வெயார்ல எடிட் பண்றீங்க? ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு ஃபுட்டேஜ் வருது? இத்தக் கேக்காம மெஷின் சொல்ல ஏலாது. ப்ராசசர் என்ன, ரெம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்ட் இருக்கா, எஸ்எஸ்டி இருக்கா, எல்லாம் தொறந்து காட்டச் சொல்லுங்க. மூடின பெட்டிய மட்டும் வாங்க வாணாம். உங்கட ஃபைலக் கொண்டு போய் அங்கயே ஓட்டிப் பாருங்க."

அவ்வளவுதான். மணி இல்லை, திரை இல்லை, வெற்றிலை இல்லை. ஆகையால் இது பெரிய விஷயமாகக் கஜேந்திரனுக்கு அப்போதும் படவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். கணினியை எடுப்பதற்கு முன், தம்பிக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லி, கஜேந்திரன் புதிதாக ஒரு சீட்டு எழுதினான். விதுஷா சொன்னபடி தன் இலக்கத்தில் ஒன்றே ஒன்றை மாற்றினான். 94227 என்பது 94727 ஆனது. உதவியாள் அன்று ஐம்பது முகம் பார்த்தவன். இந்த முகத்தை ஏன் நினைவில் வைத்திருக்கப் போகிறான்?

தட்டு உள்ளே போனது. மணி அடித்தது. திரை விலகியது. வாசல்வரை கூட்டம் எட்டிப் பார்த்தது. கஜேந்திரன் தன் கட்டை மீசையோடு போய் நின்றான்.

"வா மகளே," என்றார் கணினியானந்தா.

கூட்டத்தில் ஒருவருக்கும் புரியவில்லை.

"தொண்ணூத்தி நாலு, ஆகஸ்ட் பதினாலு. நல்ல நாளுல பொறந்தவ. வயித்துல ஒரு கோளாறு இருக்கு, வெளிய சொல்ல வெக்கப்படுற. கூச்சப்படாத தாயி, கிட்ட வா."

முதலில் சிரித்தவர், அன்றும் வந்திருந்த இராயப்பன். பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. பஸ் நிலையத்தில் நின்றவர்கள் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். கணினியானந்தா துணியை அவிழ்த்தார். எதிரே மீசை நின்றது.

"யார்ரா நீ? பொய் நம்பர எழுதிக் குடுத்தா நான் எப்படிச் சரியாச் சொல்றது?"

 இவரை யாரும் மடக்கவில்லை. தம் வாயாலேயே சொல்லிவிட்டார். விதுஷா முன்னால் வந்தாள்.

"அப்ப நீங்க படிச்சது நம்பரத்தானுங்களா சாமி? அந்தக் கணக்கு காமண்ட்ல தைச்ச எனக்கே தெரியுமே. இந்தாங்க, நாங்க எடுத்த கல்யாண வீடியோ இந்தப் பென்டிரைவுல இருக்கு. அந்தச் சிம்ம ராசிப் பெட்டியில போட்டுக் காட்டுங்க."

"நம்பிக்க இல்லாதவங்க முன்னால அது ஓடாது."

"கரண்டு இருந்தா போதாதுங்களா?"

கூட்டம் விடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. வீடியோ திரைக்கு வந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான், கை நீட்டினான், அப்படியே நின்றான். மணப்பெண் குனிந்தபடி காத்திருந்தாள். கெட்டிமேளம் விட்டு விட்டு விக்கியது. தாலி கழுத்துக்குப் போகவே இல்லை. முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி, "அடப் பாவி, அந்தப் புள்ளைக்கு ஒரு கல்யாணம் ஆகவிடுறானா பாரு," என்றாள்.

பெட்டியைச் சுற்றியிருந்த மஞ்சள் கயிற்றை இராயப்பனே அறுத்தார். மூடியைத் திறந்தார்கள். எந்த ஆபிஸிலோ பத்து வருடம் கடிதம் தட்டச்சு செய்து ஓய்ந்துபோன ஒரு சாமான் உள்ளே தூசியோடு இருந்தது. கிராபிக்ஸ் கார்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செப்புத் தகடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தது. அதில் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தான். யாரைப் பார்த்து என்று சொல்லத் தேவையில்லை.

"முட்ட போட்ட கேக்குன்னு விட்டேனேடா!" என்று இராயப்பன் கத்தினார். பணத்தைவிட அதுதான் அவருக்கு ஆறவில்லை.

கூட்டம் சூழ்ந்து நின்றதால் முன்பணங்கள் அன்றே திரும்பக் கிடைத்தன. கஜேந்திரன் பதுளை பஸ்ஸில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவளுடைய ஆறு வருடத்தை ஒரு பட்டுத் துணிக்குக் கொடுக்கப் போனோமே என்று நினைத்துக்கொண்டான். றிஸ்னி பழைய சாமான்தான் காட்டினாள். ஆனால் திறந்து காட்டினாள், அவர்களுடைய ஃபைலையே ஓட்டிக் காட்டினாள். கறுப்பு நிறப் பெட்டி, எந்த வெளிச்சமும் எரியாது. எழுபத்திரண்டு வீதத்தை அது ஒரு மரியாதையும் காட்டாமல் கடந்து போனது. மாப்பிள்ளை பறப்பதற்கு நான்கு நாள் முன்பே வீடியோ கைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று இரண்டு கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. விதுஷா கட்டுநாயக்கவுக்குப் போகவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் சனங்களைப் பற்றி நானும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அடுத்த மாதம் மொனராகலையிலிருந்து ஒருவர் லயத்தைத் தேடி வந்தார். கையில் தட்டு, தட்டில் பழம், வெற்றிலை, பிள்ளையின் ஜாதகம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு விதுஷாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அந்தச் சாமியையே அடக்கின சக்தி ஒங்ககிட்ட இருக்குன்னாங்க தாயி. எம் புள்ள வீடியோ எடிட் பண்ணணும்னு நிக்கிறான். எந்தப் பெட்டி அவனுக்கு ராசின்னு நீங்களே பாத்துச் சொல்லிருங்க."

கஜேந்திரன் சிரிக்கப் போனான். போன மாதம் தானும் இப்படித்தான் நின்றது நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டான். விதுஷா தட்டை வாங்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காருங்கய்யா. ஒங்க மகன் கிட்ட என்ன கெமரா இருக்கு?"

"அது என்னான்னு எனக்கென்னங்க தெரியும்?"

"தெரியாட்டி போன் போட்டுக் கேளுங்க. தெரியலன்னு நாலு பேருக்கிட்ட கேக்கிறதுக்கு நம்மாளுக வெக்கப்படுறோம். கண்ணக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கிறவன்கிட்ட போய் வழி கேக்க மட்டும் நமக்கு வெக்கமே வாறதில்ல."