கங்காணி பேரில் ஒரு சொட்டு

தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் அன்று ஈரல் நோய்க்கு ரத்தப் பரிசோதனை. வாசல் வரை வந்த ஐயாவு கங்காணி, உள்ளே யாரோ ஒருவரின் விரலில் ஊசி குத்துவதைப் பார்த்ததும் அப்படியே திரும்பித் தேயிலைக் காட்டுக்குள் இறங்கிவிட்டார். தனியாளாய் நின்று குளவிக் கூட்டைக் கொளுத்திய மனிதர் அவர்.

காட்டுக்குள் ஏற்கனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இந்திரகுமார்.

"நீ என்னடா இங்க?"

"சும்மாண்ணே."

"காலையில பெரட்டுல ஆள் கணக்கு எடுக்குறப்ப நீ இல்லாட்டி உனக்கு யாரு பேர் போட்டா?"

"நீங்கதான்."

"இன்னிக்கு எம் பேருக்கு நீ போய் நில்லு."

 இந்திரகுமார் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு போனான். இத்தனை லேசாக ஒப்புக்கொள்வான் என்று கங்காணி நினைக்கவில்லை.

இரண்டாம் நாள், ரத்தம் எடுத்த தாதி தாட்சாயினி கங்காணியின் வீடு தேடி வந்தாள்.

"அண்டைக்கு இன்னும் இளமையா இருந்தியளே, ஐயா."

"கவலைதான் மிஸ்ஸி."

"ரத்தத்தில ஹெப்படைடிஸ் பி கிருமி இருக்கிற மாதிரிக் காட்டுது. ஈரலைத் தாக்கிற கிருமி. பயப்பிடாதேங்கோ. ஆஸ்பத்திரியில இன்னொருக்காப் பாக்கோணும். வீட்டு ஆக்களையும் கூட்டி வாங்கோ."

கதவுக்குப் பின்னாலிருந்து மனைவி புஷ்பம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அன்றே கங்காணிக்குத் தனித் தட்டு, தனிப் பாய்.

"எனக்கு ஒண்ணுமில்ல புள்ள."

"வியாதிக்காரங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

"அது என் ரத்தமே இல்ல."

ஈரலிலிருந்து தலைக்கும் ஏறிவிட்டது என்று புஷ்பம் கோயிலுக்கு ஓடி மந்திரித்த கயிறு வாங்கி வந்தாள். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பூசையில் பொங்கல் பரிமாற வந்த கங்காணியின் கையிலிருந்த கரண்டியை யாரோ மெல்ல வாங்கிக்கொண்டார்கள். "நீங்க உக்காருங்க, ஒடம்பப் பாருங்க."

விஷயம் தாட்சாயினியின் காதுக்கும் போனது. மறு வெள்ளி அவள் கோயில் முற்றத்துக்கே வந்தாள். யார் பேரையும் சொல்லவில்லை.

"சேர்ந்து சாப்பிட்டா இது தொத்தாது. தொட்டாலும் தொத்தாது. ரத்தத்தால பரவும், புருசன் பொஞ்சாதிக்குள்ள பரவும், பிறக்கேக்க தாயிட்ட இருந்து பிள்ளைக்கு வரும். வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கு. வந்தவையும் ஒழுங்கா மருந்தும் செக்கப்பும் எண்டு இருந்தா நல்லா வாழலாம்."

 புஷ்பம் எழுந்து வந்து, கங்காணி பாதி குடித்து வைத்திருந்த தேத்தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஏங்க, சீனி பத்தல," என்றாள்.

கரண்டியும் கைக்குத் திரும்பி வந்தது. ஆனால் பொங்கல் அள்ளிய கை பாதியில் நின்றது. வரிசையின் கடைசியில் இந்திரகுமார் நின்றிருந்தான். அது தன் ரத்தம்தான் என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை போலும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் ஈரல் அல்லவா போய்விடும்.

பூசை முடிந்ததும் கங்காணி அவன் காம்பராவுக்குப் போனார். 

"தம்பி, அந்த ரத்தம் உன்னோடதுடா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். மிஸ்ஸிகிட்ட நெசத்தச் சொல்லி நானும் வெரல நீட்டுறேன்."

இந்திரகுமார் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அப்படிச் சிரித்தான்.

"எனக்குப் போன வருஷமே தெரியும்ணே, இரத்தினபுரியில மருந்து எடுக்குறேன். வெளிய சொன்னா லயத்துல என்ன செய்வாங்களோன்னு பயம், அதான் மொதல்ல உங்கள என்ன செய்றாங்கன்னு பாத்துக்கலாம்னு போய் நின்னேன்."