சுவாரஸ்யமான மனு

மின்கம்பம், வழிகாட்டிப் பலகை, அடிகுழாய் முதலான, நிமிர்ந்து நிற்கக் கடமைப்பட்ட பொதுச் சொத்துகள் கடமை தவறிச் சாயும்போது அவற்றை நிமிர்த்துவதற்கென்றே செங்கல்பட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. சாய்மான நிவர்த்திப் பிரிவு என்று பெயர். அதன் தலைவர் லக்ஷ்மிநாராயணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டுதான் வேலை பார்ப்பார். அதை நிவர்த்தி செய்ய யாருக்கும் அதிகாரம் கிடையாது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் அந்த ஆபீசுக்கு இன்டர்நெட் வந்தது. வந்த வாரமே அவர் ஒரு வலைப்பக்கத்தைக் கண்டுபிடித்தார். தொழில்நுட்பம், வேலைத்திறன், ஓய்வு, அன்றாட வாழ்க்கை என்று உலகத்தில் யார் யாரோ எழுதியதில் சுவாரஸ்யமானதைப் பொறுக்கித் தினமும் படிக்கக் கொடுக்கும் பக்கம். ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்வது மூளைக்குக் கேடு என்று அதில் போட்டிருந்தது. படிப்பது ஒரு வேலையாகிவிட்டபடியால் மற்றதை அவர் நிறுத்திவிட்டார். மேஜையைக் காலியாக வைத்துக்கொள்வது எப்படி என்ற கட்டுரையை எல்லோருக்கும் பிரின்ட் எடுத்துக் கொடுத்ததில், ஆபீசில் டிபன் டப்பா வைக்கவும் மேஜையில் இடமில்லை.

இப்படிப் படித்துப் பழகிய கண்ணுக்கு மனுக்கள் சகிக்கவில்லை. "மேற்படி தெருவில் மேற்படி கம்பமானது" என்று ஆரம்பித்தால் எந்த மனிதன் இரண்டாவது வரிக்குப் போவான்? ஆகவே ஒரு சுற்றறிக்கை பிறந்தது. இனி மனுக்கள் கவர்ச்சியான தலைப்புடனும், வாசிப்போர் ஆர்வம் குன்றாத வகையிலும் இணையத்தில் பதிவேற்றப்பட வேண்டும். சுவாரஸ்யமற்றவை தகுதியின்மை காரணமாக நிராகரிக்கப்படும்.

இது தெரியாமல் புதுப்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் ஆராயி பஸ் ஏறி வந்தாள். அவளுடைய ஓட்டு வீட்டின்மேல் ஒரு மின்கம்பம் சாய்ந்துகொண்டிருந்தது. கடல்காற்று அடித்தால் அது முனகும். என்றைக்கு இறங்கப் போகிறதோ என்று அவள் சரியாகத் தூங்கிப் பல நாளாயிற்று.

மனுவை வாங்கிப் பார்த்த கிளார்க் பிரபாவதி உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுல சஸ்பென்ஸ் எங்கம்மா இருக்கு?"

"இன்னாது?"

"முதல் வரியிலேயே கம்பம் சாஞ்சிருக்குன்னு போட்டுட்டீங்களே. அப்புறம் யாரு படிப்பாங்க?"

"படிக்க வாணாம்மா. ஆளு வந்து நிமித்தினாப் போதும்."

"படிக்காம எப்படிம்மா நிமித்தறது?"

உள்ளேயிருந்து லக்ஷ்மிநாராயணனே எழுந்து வந்தார். "ஏம்மா, கம்பம் சாயறது பெரிசில்ல. அதைப் பாக்கறப்ப உன் மனசு என்ன பாடுபடுது? அதை எழுதணும்."

"மனசு கெடக்குது சார். வூடு பூடும்போல கீது."

அவர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். இந்த ஜனங்களுக்கு எழுதவே தெரியவில்லை.

ஆராயி தன் வீட்டுக்கு அடுத்த தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த உலகநாதனிடம் போய் அழுதாள். "வுடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அவன் தட்ட ஆரம்பித்தான். அன்று சாயங்காலமே "என் கூரையை எட்டிப் பார்க்கும் அந்த உயரமான உருவம்: ஐந்து திடுக்கிடும் உண்மைகள்" என்ற மனு இணையத்தில் ஏறியது. லக்ஷ்மிநாராயணன் அதை இரண்டு தடவை படித்து, தமக்குத் தெரிந்த எல்லா அதிகாரிகளுக்கும் மேலான பார்வைக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் தங்களுக்கு மேலானவர்களின் பார்வைக்கு அனுப்பினார்கள். பார்வை போன இடத்துக்கெல்லாம் ஓர் ஏணி போயிருந்தால்கூட வேலை முடிந்திருக்கும்.

ஆராயி மறுபடியும் செங்கல்பட்டுக்குப் போனாள்.

"பிரமாதம்மா! அந்த நாலாவது உண்மையில அழுதுட்டேன்" என்றார் அவர்.

"ஆளு எப்ப சார் வரும்?"

"ஆள் அனுப்பி நிமித்திட்டா ரெண்டாம் பாகத்துல என்ன எழுதுவே?"

கேள்வி ஆராயிக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இரண்டாம் பாகம் வந்தது, மூன்றாம் பாகம் வந்தது. படூர் அடுக்குமாடிகளிலிருந்து சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு காரில் வந்து கம்பத்தில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதில் கம்பம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நாலாம் பாகத்துக்கு விஷயம் கிடைத்தது. மனசு கேட்காமல் கயிற்றோடு வந்த ஒரு லைன்மேனுக்கு, "வாசகர் ஆர்வத்துக்குக் குந்தகம் விளைவிக்க முயன்றது ஏன்?" என்று விளக்கம் கேட்டு மெமோ போயிற்று. அன்றாட வாழ்க்கைப் பிரிவில் சிறந்த மனுதாரர் என்று ஆராயிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையோடு உட்கார்ந்தால் மீன் சீக்கிரம் விற்றது. ராத்திரி தூக்கமும் வந்தது.

வரவரத் தெருவே சாயங்காலமானால் உலகநாதன் கடையில் கூடிவிடும். ஒருநாள் பக்கத்து வீட்டு தெய்வநாயகி, "கம்பம் இன்னிக்கு எப்டிக்கா கீது?" என்று கேட்டாள். "தெர்ல தெய்வநாயகி. இன்னும் படிக்கல" என்றாள் ஆராயி. இருவரும் அப்போது அந்தக் கம்பத்தின் அடியில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரிகிற சங்கதி!

கடைசிப் பாகம் வெளியாகும் என்று அறிவித்த அன்று காலையிலிருந்தே காற்று சரியில்லை. சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. செங்கல்பட்டிலும் லக்ஷ்மிநாராயணன் வீட்டுக்குப் போகாமல் ஆபீசிலேயே காத்திருந்தார். உலகநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்க வாசித்தான்.

"காற்று சீறுகிறது. கம்பம் நடுங்குகிறது. ஆராயி அண்ணாந்து பார்க்கிறாள். அப்போது..."

வெளியே மடாரென்று ஒரு சத்தம். ஓடுகள் பொலபொலவென்று சரிந்தன. உடனே கரண்ட் போய்விட்டது.

கடையில் ஒரே கூச்சல். "இன்னா பேஜாரு இது, நல்ல நேரத்துல!" "யோவ், மேல படிய்யா!" அத்தனை குரலையும் மீறி, இருட்டில் ஆராயியின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

"ஜெனரேட்டரப் போடு நைனா! கம்பம் வுயுந்துச்சா இல்லியான்னு தெரியாம நான் எப்டி வூட்டுக்குப் போவேன்?"