வெண்ணெய் மாதிரி இருந்த பூட்ஸ்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி என்னை வேலைக்கு எடுத்தது என் பி.காம் பட்டத்துக்காக என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் எடுத்தது என் பாதத்துக்காக. பெண்கள் ஷூவை முதலில் முப்பத்தேழாம் நம்பரில்தான் சாம்பிள் செய்வார்கள். என் கால் அச்சு அசலாக முப்பத்தேழு. புது மாடல் எது வந்தாலும் நான் போட்டு நடந்து பார்த்து, எங்கே கடிக்கிறது, எங்கே இறுக்குகிறது என்று சொல்ல வேண்டும். (காலேஜில் என் மார்க்குக்கு யாரும் இந்த மரியாதை கொடுத்ததில்லை.)

அப்படி இருந்தவளை வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக ஆக்கிவிட்டார்கள். சாம்பிள் போட்டுப் பார்க்கும் வேலையும் என் காலை விட்டுப் போகவில்லை. தனி மேஜை, சுழல் நாற்காலி. ஆபீசர் என்றால் கால் மேல் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது என் அபிப்பிராயம். காலையில் வலது காலைத் தூக்கி இடது கால் மேல் போட்டால், சாப்பாட்டு மணி அடிக்கும்போதுதான் இறக்குவேன். பதவிக்கேற்ற உடம்பு வேண்டுமே என்று ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினேன்.

சில வாரங்களில் வலது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக எறும்பு ஊர ஆரம்பித்தது. அப்புறம் புறங்கால் மரத்துப் போனது. சோப்புப் போட்டால் வேறு யார் காலையோ தேய்க்கிற மாதிரி இருந்தது. என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எனக்கும் வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினால், ஒவ்வொரு பக்கமும் என் காலை ஒவ்வோர் இடத்தில் வெட்டியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. வேலூர் இன்னா வெளிநாடா?" என்றார் என் கணவர் சிவா.

"ஆர்டர் குடுக்குற பையர் வந்துட்டுப் போவட்டும். கால்ல கோளாறுன்னு தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்க" என்றேன்.

பையர் வந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த உயரமான அம்மாள். சிரிப்பதற்குத் தனியாக விலை கேட்பார் போன்ற முகம். அந்த சீசன் ஆர்டரே அவர் பார்க்கப் போகும் குட்டை பூட்ஸை நம்பித்தான் இருந்தது. அதைச் செய்தவர் சாம்பிள் மாஸ்டர் பாஷா பாய். எனக்குப் போட்டுவிட்டு, "இன்னாம்மா, மேல எங்கனா புடிக்குதா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரியாததுதானே சுகம்?

"வெண்ணெ மாதிரி இருக்கு பாய்."

பையர் முகம் கொஞ்சம் இளகியது. நடக்கச் சொன்னார். இடது கால் சத்தமில்லாமல் இறங்கியது. வலது கால் 'டப்' என்று அறைந்தது. மறுபடி நடக்கச் சொன்னார். மறுபடி 'டப்'. வலது சோலில் ஏதோ தப்பு என்று பையர் சொன்னதும் மேனேஜர் முகம் வெளுத்தது.

"ரெண்டும் ஒரே மோல்டு சார்" என்றார் பாஷா பாய்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் மெர்ச்சண்டைசர் ஆயிற்றே. "ஆமா சார், வலது சோல் கொஞ்சம் வெயிட் ஜாஸ்தி" என்று நிபுணத்துவம் காட்டினேன்.

பாஷா பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பூட்ஸைக் கழற்றி வாங்கி, எல்லோர் முன்னாலும் கத்தியால் சோலைப் பிளந்து காட்டினார். உள்ளே ஒரு குறையும் இல்லை. ஆனால் பையர் சோலைப் பார்க்கவில்லை. என் வெள்ளை சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கால் மேல் வட்டமாக ரத்தம்.

பாஷா பாய் பூட்ஸுக்குள் கையை விட்டார். லைனிங்கை நிறுத்தி வைக்கக் குத்திய ஒரு பின் எடுக்கப்படாமலே இருந்தது.

"இவ்ளோ நேரம் இதா குத்திச்சு?" என்றவர் குரல் இறங்கிப் போனது. "வெண்ணெ மாதிரின்னு சொன்னியேம்மா."

"எனக்குக் கால்ல உணர்ச்சியே இல்ல பாய்" என்று சொல்லி, ஆபீசர் என்பதையும் மறந்து ஓவென்று அழுதேன்.

மேனேஜர் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் எழுந்து வந்து, தரையில் மண்டியிட்டு, என் காலைக் கிள்ளிப் பார்த்தார். ஷூ நாளைக்கு வேறு காலில் பார்த்துக்கொள்ளலாம், இவளை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார்.

சிவா என்னை வேலூருக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு டாக்டரம்மா டி.டி. ஊசி போடச் சொல்லிவிட்டு, பஞ்சால் வருடினார், குட்டிச் சுத்தியலால் தட்டினார். சர்க்கரை, பி12 எல்லாம் பார்த்தார்கள். எல்லாமே சரியாக இருந்தன. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு டாக்டரம்மா என்னையே பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தான் உட்காருவீங்களா?"

குனிந்து பார்த்தேன். அவர் எதிரிலும் கால் மேல் கால்.

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பில் விரலால் தட்டினார். பாதம் வரை கரண்ட் ஓடியது. "இங்க ஒரு நரம்பு எலும்பு மேலயே ஓடுது. தினமும் அதைப் போட்டு அமுக்கியிருக்கீங்க. உடம்பு இளைச்சதுல அங்க இருந்த கொஞ்ச மெத்தையும் போச்சு. அதான் பாதத்தைத் தூக்க முடியாம டப்புன்னு விழுது."

(வாரக்கணக்கில் பட்டினி கிடந்து நான் இளைத்த ஒரே இடம் அதுதான்.)

"மாத்திரை டாக்டர்?"

"முதல்ல காலை இறக்குங்க. ராத்திரி ஒழுங்கா சாப்பிடுங்க. பாதத்தை மேல தூக்கி இறக்குற பயிற்சி சொல்லித் தருவாங்க. உணர்ச்சி வர்ற வரைக்கும் வெறுங்கால்ல நடக்காதீங்க, காயம் இருக்கான்னு தினமும் பாருங்க. குறையலைன்னா உடனே வாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் சிவா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அழுகிறாரோ என்று தோளைத் தொட்டுப் பார்த்தேன். சிரித்துக் கொண்டிருந்தார்.

மறுநாள், பாஷா பாய் புது சோல் வைத்துக் கொடுத்த பூட்ஸ் கட்டிங் செக்ஷன் பெண் ஒருத்தியின் காலில் பாஸாகி ஆர்டரும் வந்தது. பாஷா பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடும்மா" என்றார். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு எந்த ஷூவைப் போடுவதற்கு முன்பும் பென்சிலால் என் காலைக் குத்தி, "தெரியுதா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆயின. ஒரு நாள் கட்டில் காலில் இடித்துக்கொண்டு நான் அலறியபோது, சிவா இனிப்பு வாங்க ஓடினார்.

போன தீபாவளிக்குச் செருப்பு வாங்கப் போனோம். ஒன்றைப் போட்டுப் பார்த்து, "நல்லா சாஃப்டா இருக்கு" என்றேன். என் மகள் கடைக்காரரிடம் சொன்னாள்:

"அண்ணா, எங்கம்மா சொல்றத நம்பி பில் போட்டுடாதீங்க. மொதல்ல காலைக் கிள்ளிப் பாருங்க."