சூழலறி படிவம்

மொழிச் சிறுபான்மையினரின் இன்னல்களை அறவே களைவது என்று மேலிடம் முடிவெடுத்த அதே நாளில், பூவாத்தாள் நாற்றங்காலுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

மலையாள நாட்டு எல்லைக்குள், பெருமாட்டிக்குக் கிழக்கே மூணுமரத்தூரில் அவளுக்கு ஒன்றேமுக்கால் ஏக்கர் வயல். பழைய கிணறு வற்றிப்போய், வீட்டுக்குப் பின்னால் போர் போட்டதில் தண்ணீர் வந்துவிட்டது. மோட்டார் இணைப்பை அங்கே மாற்ற வேண்டுமானால் நிலம் அவள் கைவசம்தான் இருக்கிறது என்று வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழ் தர வேண்டும். அதற்கான படிவம் மலையாளத்தில் இருந்தது. பூவாத்தாள் மலையாளத்தில் பேசுவாள், சண்டையும் போடுவாள். எழுத்து மட்டும் தெரியாது. குத்துமதிப்பாக நிரப்பி, ஜாதி என்ற கட்டத்தில் ‘அஞ்சு எச்.பி.’ என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. கறுப்பு மையில் எழுதாமல் நீல மையில் எழுதியதுதான் குற்றமாம். ஜாதியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

‘தமிழில் ஒரு பாரம் குடுங்க’ என்று அவள் மனுப் போட்டாள். அது மேசை மேசையாக ஏறி, மொழி இணக்கப் பிரிவின் தனி அலுவலர் ஷீனாவிடம் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சமயம் மேலிடத்தில் ஒரு செல்போன் விளையாட்டு ஜுரம்போலப் பரவியிருந்தது. முன்பின் அறியாத ஒரு நாட்டுக்குள் போய் நிற்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் கிறுக்கி வைத்திருக்கும் எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று, அவர்கள் கை காட்டுவதையும் கதவு திறப்பதையும் பார்த்து ஊகிக்க வேண்டும். அகராதி கிடையாது. ஷீனா ஏழாம் கட்டத்தில் இரண்டு வாரமாக நின்றுகொண்டிருந்தார்.

கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார். “மலையாளத்தில் கொடுத்தால் தமிழருக்கு வருத்தம். தமிழில் கொடுத்தால் மலையாளிக்கு வருத்தம். ரெண்டு பேருக்கும் தெரியாத மொழியில் கொடுத்தால்?”

“வருத்தம் சமம்!” என்றார் ஒருவர்.

கைதட்டல் அடங்க வெகு நேரமானது. நாற்பது குறிகள் கொண்ட புத்தம் புதிய எழுத்து ஒன்று உருவாக்கப்பட்டது. ‘சூழலறிந்து தானே பொருளுணரும் எளிமைப் படிவம்’ என்று பெயர் வைத்து, சோதனைக்கு மூணுமரத்தூரைத் தேர்ந்தெடுத்தார்கள். மனுப் போட்ட ஊர் அதுதானே.

கவுண்டரில் பவுல்ராஜ் உட்கார்ந்திருந்தான். பீர்மேடு பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மாற்றலாகி வந்த தமிழ்ப் பையன், முப்பது வயது. பூவாத்தாள் படிவத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க தம்பி, இதென்ன கோழி கெளறுன மாதர இருக்குது?”

“எழுத்துக்கா. புதுசு.”

“இதுல என்ன கேட்டிருக்குதுங்க?”

“சொல்லக் கூடாது. சொன்னா குறிப்பு குடுத்த குத்தம்னு ஆர்டர் வந்திருக்கு.”

“செரி, உங்களுக்காச்சு தெரியுமுங்களா?”

பவுல்ராஜ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “விடைத்தாளுக்கு அரக்கு வச்சு பீரோவுல பூட்டியாச்சு. சாவி வேணும்னா அபேக்ஷ, அதான் மனு, போடணும். இந்தப் பாரத்துலதான்.”

பூவாத்தாளுக்குக் கோபம் வரவில்லை. அந்த ஆபீசில் கோபப்பட்டு முடித்து வருஷக்கணக்காகிவிட்டது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். ஆணைப்படி ஆபீசின் எல்லாப் பலகைகளும் புது எழுத்துக்கு மாறியிருந்தன. கவிழ்த்த குடம்போன்ற குறி ஆபீசரின் காலி நாற்காலிக்கு மேலே தொங்கியது. குடிதண்ணீர் ட்ரம்மின் மேலும் அதே குடம். பூட்டிய கக்கூஸ் கதவிலும் அதுவே. ‘இல்லை’ என்று முடிவுகட்டினாள். பகல் ஒரு மணிக்குப் பவுல்ராஜ் ஜன்னலில் ஒரு கொக்கியும் இரண்டு புள்ளியும் போட்ட அட்டையைத் தொங்கவிட்டான். வரிசை முழுக்கப் பெருமூச்சு விட்டுக் கலைந்து போனது. ‘நாளைக்கு’. வட்டத்துக்குள் வட்டம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் பக்கத்தில் மைப்பெட்டி இருந்தது. ‘சீல்’.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு படிவத்தை வாசித்துப் பார்த்தாள். இருபத்தாறு வரியில் இருபத்திரண்டு வரி புரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மிச்ச நாலு வரியையும் ஊகித்து, படிவத்தை முழுக்க நிரப்பி நீட்டினாள், கறுப்பு மையில். பவுல்ராஜ் அதைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தான், பிறகு தள்ளிப் பிடித்தான்.

“சரியாத்தான் இருக்கும்போலக்கா. ஆனா சரின்னு எனக்குத் தெரியணுமே? தெரியாம எப்படி வாங்குறது?”

வாங்கவில்லை. ஆனால் வரிசையில் இருந்தவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். “அக்கா, இந்த வால் முளைச்ச முட்டை என்னதுங்க?” “பிறந்த தேதி.” “இந்த ஏணி?” “தகப்பன் பேரு.” ஒரே மாதத்தில் ஊருக்கே பித்துப் பிடித்தது. டீக்கடையில் கணக்கு வழக்கு எல்லாம் குறிகளில் நடந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அந்த எழுத்தில் அச்சாகி, பாதிப் பேர் முகூர்த்தம் முடிந்த மறுநாள் போய் நின்றார்கள். தமிழில் எழுதுகிறவனைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தன.

“நீ பண்டிதையாயிட்ட, சந்தோசம். நாத்து மஞ்சளாயிட்டிருக்குது,” என்றார் அவள் வீட்டுக்காரர் பழனிச்சாமி.

அந்த வாரமே ஷீனா ஆய்வுக்கு வந்தார், இரண்டு கேமராக்களுடன். பயனாளியின் கருத்தை எழுத்துமூலம் வாங்க வேண்டும் என்றார். பூவாத்தாள் ஒரு தாளை நீட்டினாள். முழுக்கக் குறிகள்.

ஷீனா தாளைப் பார்த்தார். கேமரா ஷீனாவைப் பார்த்தது.

“இது… ஒண்ணு வாசிச்சுச் சொல்லாமோ?”

“குறிப்பு குடுக்கக் கூடாதுன்னு உங்க ஆர்டர் இருக்குதுங்களே மேடம்.”

“சரியாணு, சரியாணு.” ஷீனா தலையை ஆட்டி ஆட்டி அடிவரை ‘வாசித்தார்’. நடுவில் இரண்டு இடத்தில் புன்னகைகூடச் செய்தார். “வளரெ நல்ல கருத்து. முழு சம்மதம்.” கையெழுத்துப் போட்டார். வட்டத்துக்குள் வட்டம் விழுந்தது.

கார் போன பிறகு பவுல்ராஜ் கேட்டான்: “என்னத்தக்கா எழுதுனீங்க?”

“இன்னைலருந்து இந்தப் பாரம் இல்லை, நாளைலருந்து தமிழ்னு எழுதுனேன். தமிழுக்குக் குறி இல்லீங்க, ஒரு ‘ழ’ போட்டுட்டேன்.”

தாள் மேலே போனது. அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் துணிச்சல் இல்லை. கடைசியில், மூணுமரத்தூர் டீக்கடையில் குறிகளைக் கற்றிருந்த ஒரு டிரைவர் வாசித்துக் காட்டினாராம். தனி அலுவலரின் கையெழுத்தும் சீலும் இருந்ததால் ஆணை பிறந்தது. பத்தாம் நாள், வில்லேஜ் ஆபீஸ் சுவரில் அச்சடித்த நல்ல தமிழில் ஒரு நோட்டீஸ்:

‘கைவசச் சான்றிதழ் வேண்டுவோர் நேரில் வந்து வரி ரசீதைக் காட்டினால் போதும். இம்மாதம் 20ஆம் தேதி வரை.’

ஊரே கூடி நின்று பார்த்தது.

“‘போதும்’னு போட்டிருக்குது,” என்றார் பழனிச்சாமி, சந்தேகமாக.

“அதானுங்க இடிக்குது,” என்றான் பின்னாலிருந்து ஒருவன். “எந்த ஆபீசு என்னைக்குப் போதும்னு சொல்லியிருக்குது?”

“‘நேரில்’ங்கறதுலயும் ஏதோ இருக்குது.”

எல்லாரும் பூவாத்தாளைத் திரும்பிப் பார்த்தார்கள். வரி ரசீது அவள் மடியிலேயே இருந்தது. கவுண்டர் பத்தடி தூரம். அவள் நோட்டீசை இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் படித்தாள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ரசீதை மடியில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

“நம்ம கேட்டது கேட்ட மாதரயே நடந்திருக்குதுன்னா, எங்கியோ தப்பு இருக்குதுங்க,” என்றாள். “அவசரப்படாதீங்க. நானு ஊட்டுக்குப் போயி யோசிச்சுப் பாக்கறேன்.”

ஒரே ஒருவர் துணிந்து கவுண்டரில் கேட்டார். “ஏனுங்க தம்பி, நெஜமாவே போதுமுங்களா?”

“போதும்னுதான் போட்டிருக்கு.”

“போட்டிருக்கறது தெரியுது. அர்த்தம் என்னதுங்க?”

பவுல்ராஜ் எட்டி நோட்டீசைப் பார்த்தான். அவனுக்கும் லேசாகச் சந்தேகம் வந்தது. “மேல கேட்டுச் சொல்லுறேன்.”

இருபதாம் தேதி வரை ஜன்னல் திறந்தே கிடந்தது. ஒருவரும் வரவில்லை. இருபத்தொன்றாம் தேதி அறிக்கை போனது: ‘தமிழ் அறிவிப்புக்கு வரவேற்பு இல்லை. மக்கள் பழைய முறையையே விரும்புகின்றனர்.’ மறுநாளே தமிழ் நோட்டீசைக் கிழித்து, குறிகள் நிறைந்த புதிய நோட்டீசை ஒட்டினார்கள்.

பூவாத்தாள் அதை ஒரே மூச்சில் படித்து முடித்தாள். இல்லை, இல்லை, நாளைக்கு, சீல், இல்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது.

“இப்பத்தானுங்க தெளிவாச் சொல்லியிருக்காங்க,” என்று சொல்லி, வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.