ஏழாங்கட்டைத் தோட்டத்தின் நன்றியுரை

முப்பத்தாறு ஆண்டுகள் அரசாங்கச் சேவையில் இருந்து, ஒரு கோப்புகூடத் தொலையாமல் பார்த்துக்கொண்டு ஓய்வுபெற்றவர் தம்பிமுத்து. இத்தகையோர் தாங்கிப் பிடித்திருப்பதால்தான் மலேசியாவின் பேராக் மாநிலம் இன்றுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் இருக்கிறது.

அவருடைய ஆற்றலை வீணாக்க விரும்பாத ஒரு வீடமைப்பு நிறுவனம் அவரைத் தன் 'மக்கள் நல்லுறவுக் குழு'வின் தலைவராக்கியது. சிலிம் ரிவர் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தை அந்த நிறுவனம் வாங்கியிருந்தது. ரப்பர் பால்மரங்கள் எப்போதோ போய்விட்டன. தோட்டத் தொழிலாளர்களின் பழைய வரிசை வீடுகளான லயத்தில் பதினான்கு குடும்பங்கள் மட்டும் போகாமல் இருந்தன. அவர்களோடு நல்லுறவு வளர்ப்பது தலைவரின் பொறுப்பு. ஒரே பிற்பகலில் பதினான்கு கையெழுத்துகளை வாங்கி அதை அவர் வளர்த்து முடித்தார்.

அடுத்து, அம்மக்களின் நன்றியை ஆவணப்படமாக எடுத்து ஈப்போ மண்டபம் ஒன்றில் திரையிடக் குழு தீர்மானித்தது. நன்றி சொல்லச் செல்லாயி தேர்ந்தெடுக்கப்பட்டார். லயத்தில் பிறந்து, இப்போது கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்வருபவர். படம் எடுத்தவர், ஈப்போவில் கல்யாண வீடியோ கடை வைத்திருக்கும் கலாதேவி. கேமராவில் குரல் மங்கலாகத்தான் விழும் என்பதால், செல்லாயியின் சேலையில் சிறிய மைக் ஒன்றைக் குத்தி, குரலைத் தனியாகப் பதிவுசெய்தார். செல்லாயி பதினொரு நிமிடம் பேசினார். எல்லாம் இருந்தது, நன்றி மட்டும் இல்லை.

தம்பிமுத்து கலங்கவில்லை. செல்லாயி நன்றியோடுதான் இருக்கிறார், சொல்லத்தான் தெரியவில்லை என்று கண்டறிந்தார். அவருக்குப் பதிலாகச் சொல்லத் தம் மனைவி புஷ்பராணியை அழைத்தார். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற புஷ்பராணி, "எமது வாழ்வில் ஒளியேற்றிய நிறுவனத்தாருக்கு" என்று தொடங்கி ஒரே மூச்சில் வாசித்துக் கொடுத்தார். அந்தக் குரல் செல்லாயியின் முகத்தின் மேல் ஏற்றப்பட்டது. ஏறியதே தவிர ஒட்டவில்லை. வாய் மூடியிருக்கும்போது நன்றி வந்தது. நன்றி முடிந்த பிறகும் வாய் அசைந்துகொண்டிருந்தது.

விழா நாளன்று காலை, கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்த தலைவர் மனம் வருந்தினார். அப்போது பக்கத்துக் கணினியில் ஒரு கல்யாணப் படம் ஓடியது. ஒரு பட்டனை அமுக்கியதும், தனியாகப் பதிவான ஐயரின் மந்திரம் தானாகவே நகர்ந்து அவர் உதட்டில் வந்து உட்கார்ந்தது. தம்பிமுத்து நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். சொன்னதை எதிர்க்கேள்வி இல்லாமல் செய்யும் ஓர் ஊழியரை அவர் சேவைக்காலம் முழுவதும் தேடியிருக்கிறார்.

கலாதேவி விளக்கினார். கேமராவில் மங்கலாக விழுந்த குரலோடு தனியாகப் பதிவான குரல்களைக் கணினி ஒப்பிடும், ஒத்துப்போவதைப் பொருத்தும், ஒத்துப்போகாததை ஒதுக்கிவிடும் என்றார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். விருந்தினருக்குச் சொன்ன கரிபாப் பலகாரம் இன்னும் மண்டபத்துக்குப் போய்ச் சேரவில்லை.

"சார், இத அமுக்கினா அது செல்லாயி அக்கா குரலத்தான் தேடிப் புடிக்கும்," என்றார் கலாதேவி.

"செல்லாயியின்ர வாய்க்குப் பொருந்தோணும், பிள்ளை. அதுதானே எங்களுக்குத் தேவை."

"அச்சு அசலா பொருந்தும், சார். எழுதிக் குடுத்துருங்க லா."

எழுத்தில் கேட்பவர்கள்மேல் தம்பிமுத்துவுக்குத் தனி மரியாதை உண்டு. 'ஒலியைப் படத்துடன் தானியங்கி முறையில் பொருத்துக' என்று எழுதி, கையெழுத்திட்டு, தேதியும் போட்டார். படத்தை நேராக மண்டபத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டுக் கரிபாப்பைக் கவனிக்கப் போனார்.

மூன்று மணிக்கு விழா தொடங்கியது. பதினான்கு குடும்பங்களும் பேருந்தில் அழைத்துவரப்பட்டுக் கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டிருந்தன. திரையில் செல்லாயியின் முகம் வந்தது. உதடும் குரலும் அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்ததால், முதல் சில சொற்களுக்குத் தம்பிமுத்து திருப்தியோடு தலையாட்டினார். பிறகுதான் சொற்கள் காதில் விழுந்தன.

"வீடு தர்றோம்னு சொல்லித்தான் தம்பிமுத்து ஐயா கையெழுத்து வாங்கினாரு. இருக்கிற வீட்ட காலி பண்றதுக்குன்னு பிறகுதான் தெரிஞ்சுச்சு. போக மாட்டோம்னோம். மறுநாளே தண்ணி பைப்ப வெட்டிட்டாங்க."

கடைசி வரிசை மட்டும் கைதட்டியது. இது உண்மையா என்று, டத்தோ பட்டம் பெற்ற சிறப்பு விருந்தினர் குனிந்து கேட்டார். அதற்குரிய கோப்பு தம்பிமுத்துவின் கையில் இல்லை.

"ஒலியில ஒரு சின்னக் கோளாறு, டத்தோ."

"நல்லா தெளிவா கேக்குதே," என்றார் டத்தோ.

மண்டபத்தில் பலர் அதைக் கைப்பேசியில் பதிவுசெய்துவிட்டார்கள். இரண்டு நாளில் லயத்துக்குத் தண்ணீர் வந்தது. வீடு 'பரிசீலனையில்' இருக்கிறது.

நடந்ததை விசாரிக்க நிறுவனம் ஒரு குழுவை அமைத்து, அனுபவத்தை முன்னிட்டு அதற்கும் தம்பிமுத்துவையே தலைவராக்கியது. அவர் நேர்மையாகவே விசாரித்தார். கலாதேவிமேல் தவறில்லை, அவர் எழுத்துமூல உத்தரவுப்படி நடந்திருக்கிறார் என்று பதிந்தார். கணினியும் பழுதில்லை என்று சான்றளித்தார். மூன்று அமர்வுகளுக்குப் பிறகு கோளாறு எதுவென்று உறுதியாகி, அறிக்கையில் இப்படிப் பதிவானது: 'படத்தில் இருந்தவரும் பேசியவரும் ஒரே ஆளாக இருந்துவிட்டார்.'